நாலு கை நங்கூரம்

இருபத்து மூன்று. கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவருகே நின்று மூன்றாவது முறையாக எண்ணினேன். எட்டாம் வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள், எல்லாரும் இருந்தார்கள். ஆனால் என் கண் அவர்கள் மேல் நிற்கவில்லை. கிழக்கு மூலையில் ஓலைக் கொட்டகைக்குள் ஒரு கல்லைச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். கண் அங்கேயே போய்ப் போய் வந்தது.

அந்தக் கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தவனே நான்தான். அது யாருக்கான கல்லோ, அவருடைய மகள் ஷர்லி கையில் கிரேயான் டப்பாவோடு வரிசையில் ஏழாவதாக நின்றாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவள் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். தலையாட்டியவன் அந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு ஏன் வந்தான் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. கெட்ட பதில் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆத்மநாதன். ஆவுடையார்கோவில்காரன், பேரைச் சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே சம்மனசுத்துறை என்ற கடற்கரை ஊரில், நடுநிலைப் பள்ளியில் ஏழு வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாடப்புத்தகத்து மன்னர்களை இந்தப் பிள்ளைகள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. முதல் வருடம் ஒருவன் எழுந்து, "அவரு செத்தா எனக்கென்ன சார்?" என்று நேராகவே கேட்டான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "வாடா, ஒங்க ஊருல செத்தவங்களையே காட்டுறேன்" என்று அன்று கிளம்பியதுதான் இந்தக் கல்லறை வகுப்பு.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்காக அக்டோபர் கடைசியில் புல் வெட்டி வெள்ளையடிப்பார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கூட்டிவருவேன். ஆளுக்கு ஒரு கல். கல்லின் மேல் தாளை விரித்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்தும் சின்னமும் தாளில் ஏறிவிடும். கீழே ஐந்து கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: பெயர், வயது, தொழில், சின்னம், இந்தக் கல்லிலிருந்து தெரிய வருவது. நான் சிவப்பு மையில் திருத்துவேன். தப்பாக இருந்தால் 'தவறு. மீண்டும் வரைக' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். அந்த வாக்கியத்துக்காகவே பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து நாளைக்கு முன்னால், பள்ளி விட்ட பிறகு, ஷர்லியின் அம்மா அழகி வந்தார். நண்டு கம்பெனியில் நண்டு உடைக்கிற வேலை, பத்து விரலிலும் கீறல். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சார், ஒங்களுக்குக் கல்லு எழுத்தெல்லாம் தெரியும்ல. அவுகளுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"யாருக்கும்மா?"

"ஷர்லி அப்பாவுக்கு."

போன வருடம் நவம்பர் கடைசியில் அடைக்கலம் இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனார். போன இடத்தில் காற்று மாறியதில் படகு கவிழ்ந்துவிட்டது. ஒருவர் ஐஸ் பெட்டியைப் பிடித்து மிதந்து பிழைத்தார். இன்னொருவரின் உடலை மூன்றாம் நாள் கரையில் எடுத்தார்கள். அடைக்கலம் உயிராகவும் வரவில்லை, உடலாகவும் வரவில்லை. அக்கரையில், இலங்கைச் சிறையில், அவர் சாடையில் ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அதை நம்பித் தாயும் மகளும், அங்கிருந்து விடுதலையாகி ஆட்கள் வரும்போதெல்லாம் ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஐந்து தடவை போய் நின்றார்கள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். அஞ்சாவது தடவ வேன்ல இருந்து எல்லாரும் எறங்குனதும் டிரைவரு கதவச் சாத்துனாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. இவதான் நம்பிக்கிட்டு இருக்கா. இன்னமும் சோறு போடையில அப்பாவுக்குன்னு ஒரு தட்டு எடுத்து வக்கிறா. அவ பாக்குறாளேன்னு நானும் அவுக சட்டையத் தொவச்சுத் தொவச்சுக் காயப்போடுறேன். போட ஆளில்லாத சட்டைய எத்தனை நாளைக்குத்தான் சார் தொவைக்கிறது?"

மேசை மேலிருந்த சாக்பீஸ்களை எடுத்து எடுத்து வைத்தேன்.

"கல்லறைத் திருநாளு அன்னைக்குப் பூசையில சாமியார் செத்தவுக பேரெல்லாம் வாசிப்பாருல்ல, அதுல அவுக பேரு வரணும். கல்லு நட்டாத்தான் பேரு எழுதுவாக. எனக்கும் நின்னு அழ ஒரு எடம் வேணும் சார்."

"ஷர்லிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"சனிக்கெழம அறந்தாங்கிக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பிருவேன். எல்லாம் முடியட்டும், பெறகு மெதுவாச் சொல்லிக்கிறேன். போன வருசம் மாதிரி மறுபடியும் சாப்புடாமக் கெடந்தாள்னா நான் தாங்கமாட்டேன். நீங்களும் வாயத் தொறந்துறாதீங்க. இந்த வருசம் பிள்ளைகள அங்கிட்டுக் கூட்டிப் போக வேணாம் சார்."

"சொல்லமாட்டேன்மா. கூட்டிப் போறதப் பாத்துக்கிறேன்" என்றேன். பார்த்துக்கிறேன் என்பது என்னைப் போன்ற வாத்தியார்களுக்குத் தோதான சொல். அதில் ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது.

கெட்ட பதில் இதுதான். இந்த வருடம் புதுக்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளின் தொன்மைக் கண்காட்சி. கல்லறைத் தாள்களைக் கொண்டுவாருங்கள் என்று எனக்குக் கடிதம் வந்திருந்தது. என் பெயரில் வந்த கடிதம். அதை நாலு பேரிடம் காட்டியும் விட்டேன். ஒரு வருடம் வகுப்பை நிறுத்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நிறுத்த மனம் வரவில்லை.

இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கல்லும் மேற்கே கோயிலைப் பார்த்து நிற்கும், அடியில் மண் மேடு இருக்கும். கடல் திருப்பித் தராதவர்களுக்கு நடுகிற கல் மட்டும் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும். மேடு கிடையாது, சின்னம் நங்கூரம். அப்படி ஏற்கனவே மூன்று கல் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் நானும் வரைந்தேன்: நடுவில் தண்டு, மேலே வளையம், கீழே இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு கை. அழகியிடம் காட்டினேன். கண் நிறைய நீரோடு, "நல்லாருக்கு சார்" என்றார். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வருடா வருடம் வந்து கொட்டகையில் தங்கி வேலை பார்க்கும் கல்தச்சர் பெரியண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். அவருக்குக் கடலைப் பார்த்தால் தலை சுற்றும். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் செதுக்குவார்.

கதவருகே வரிசையில் நின்ற பிள்ளைகளிடம், "சீட்டு எடுங்க" என்றேன். எந்தக் கல் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். டப்பாவைக் குலுக்கி ஒவ்வொருவராக எடுக்கவிட்டேன். ஷர்லி முறை வந்தபோது டப்பாவை மூடிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நானே ஒரு சீட்டை எடுத்து நீட்டினேன். மேற்குச் சுவரோரம் இருக்கும் பழைய சாமியார் கல், கொட்டகைக்கு நேர் எதிர்க்கோடி. அவள் சீட்டைப் பார்த்தாள், என் சட்டைப் பையைப் பார்த்தாள், போனாள்.

பெரியண்ணனிடம் போய், "இந்த எடத்த விட்டு எந்திரிக்காதீங்க" என்று காதோடு சொன்னேன். "நான் எங்க சார் போறேன்" என்றார்.

வகுப்பு தொடங்கியது. சிலுவையடியில் மண்டையோடும் இரண்டு எலும்பும் இருந்த கல்லுக்கு முன்னால் சரவணக்குமார் நின்றான்.

"சார், இது டிரான்ஸ்பார்மர்ல மாட்டுற போர்டு. கரண்டு அடிச்சுச் செத்திருக்காரு."

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபதுல இந்த ஊருல ஏதுடா கரண்டு?" என்று கத்தினேன். முதல் மனிதனின் மண்டையோடு சிலுவைக்கு அடியில் கிடக்கிறது என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்தார்கள் என்று விளக்கினேன். உப்பு இலாகா துரை ஒருவரின் கல்லில் மணற்கடிகாரம் இருந்தது. அதைச் சத்யா உடுக்கை என்று எழுதி, தொழில் என்ற இடத்தில் பூசாரி என்று போட்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று என் தலை கொட்டகைப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. காற்று வேறு மணலை வாரி முகத்தில் அடித்தது. தாள்கள் பறந்தன, நான் பிடிக்க ஓடினேன், ஓடும்போதே எண்ணினேன். இருபத்து மூன்று.

"சார், இந்த மூணு மட்டும் ஏன் அங்கிட்டுப் பாத்து நிக்கிது?" சரவணக்குமார் விடுவதாக இல்லை.

"அது... அத அடுத்த வாரம் பாப்போம்."

"அதுக்குள்ள ஆள் இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஷர்லி. தாளை மாற்ற வந்தவள் நின்று பேசினாள். "கடலோட போனவங்க. உடம்பு கெடைக்கல."

"ஆளே இல்லாம எதுக்குக் கல்லு?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊருக் கோயில்ல கருவறைக்குள்ள லிங்கமே கெடையாதுடா. கீழ இருக்க ஆவுடையார் மட்டும்தான். அதத்தான் ஊரே கும்புடுது" என்றேன்.

ஷர்லி என்னையே பார்த்தாள். "எத்தன நாள் கழிச்சுக் கல்லு வப்பாங்க சார்?"

"அது ஒவ்வொரு வீட்டப் பொறுத்தது. போ, போய் ஒன் கல்லப் பாரு."

போனாள். சத்யாவை உட்காரவைத்து, உடுக்கைக்கும் மணற்கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிவிட்டு நிமிர்ந்தபோது கொட்டகையில் பெரியண்ணனைக் காணவில்லை. கதவுக்கு வெளியே சைக்கிளில் டீ வந்திருந்தது. எண்ணினேன். இருபத்து இரண்டு.

மறுபடி எண்ணினேன், இருபத்து இரண்டுதான். சாமியார் கல்லுக்கு முன்னால் யாரும் இல்லை. கல்லறைகளுக்கு நடுவே ஓடினேன். கால் இடறி ஒரு மேட்டில் கை ஊன்றி எழுந்தேன். நான் கொட்டகையை எட்டும் முன்பே ஷர்லி எதிரே வந்தாள், கையில் சுருட்டிய தாள்.

"எங்க போன?"

"ஒண்ணுக்குப் போனேன் சார்."

அதற்கு மேல் எந்த வாத்தியார் கேட்க முடியும்? அவள் போன பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். சாக்கு மூடியபடியே இருந்தது. மேலே வைத்திருந்த செங்கல் காலையில் நடுவில் இருந்தது, இப்போது ஓரத்தில் இருந்ததா, இல்லை என் பயமா என்று தெரியவில்லை. பெரியண்ணன் டீயைக் கையில் பிடித்தபடி வந்து, "யாரும் வரல சார்" என்றார். டீக்குப் போனவருக்கு யார் வந்தார் என்று எப்படித் தெரியும்? அவரிடம் கத்தினேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

பிற்பகல் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழாம் வகுப்புக்குப் போய் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தினேன். ஷர்லி சாதாரணமாகத்தான் இருந்தாள். சத்துணவைச் சாப்பிட்டாள், கோகோ விளையாடினாள், மணி அடித்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்பாடா என்றிருந்தது. எல்லாரும் போன பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன்.

பதினெட்டாவதாக ஷர்லியின் தாள். சாமியார், அறுபத்து நான்கு வயது, சின்னம் பூசைப் பாத்திரம். அழகான கையெழுத்து, ஒரு பிழை இல்லை. அதற்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

நீலக் கிரேயானில் தேய்த்திருந்தாள். நான் எழுதிக் கொடுத்த வரிகள் ஒவ்வொன்றும் வெள்ளையாக எழுந்து நின்றன. நடுவில் என் நங்கூரம். கீழே ஐந்து பதில்கள்.

பெயர்: அடைக்கலம். வயது: 39. தொழில்: மீன்பிடித் தொழில். சின்னம்: நங்கூரம்.

நங்கூரம் என்ற சொல்லுக்கு மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், 'தவறு. மீண்டும் வரைக.' என் கையெழுத்து மாதிரியே எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலில் வேறொரு நங்கூரம்: ஒரே தண்டிலிருந்து நான்கு பக்கமும் வளைந்து விரியும் நான்கு கை. ஐந்தாவது கேள்வி, இந்தக் கல்லிலிருந்து தெரிய வருவது. அதற்கு அவள் எழுதியிருந்த பதில்: 'இதை எழுதியவருக்குக் கடல் தெரியாது.'

நாற்காலி பின்னால் விழுந்ததைக்கூடத் தூக்கி வைக்கவில்லை. ஓடினேன்.

கடல் என்று எழுதியவள் கரையில்தான் இருப்பாள் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்திலிருந்து கரை இருநூறு அடி. ஏழு வருடத்தில் நான் அங்கே போனது விரல் விட்டு எண்ணும் அளவுதான், மீன் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. கவிழ்த்துப் போட்ட ஒரு ஃபைபர் போட்டின் மேல் ஷர்லி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

"இங்க பாருங்க சார்." ஒவ்வொரு போட்டாகக் கை நீட்டிக் காட்டினாள். "இதுல பாருங்க. அதுல பாருங்க. எதுலயாச்சும் ரெண்டு கை இருக்கா?"

இல்லை. மணலில் கிடந்த நங்கூரம் அத்தனைக்கும் நான்கு கை.

"ரெண்டு கை கப்பலுக்கு சார். எங்கப்பா என்ன கப்பலா ஓட்டுனாரு?"

"பழைய கல்லு மூணுலயும் ரெண்டு கைதான் இருக்கு."

"அதுவும் தப்புதான். அத அவங்கவங்க பிள்ளைக திருத்தட்டும். இது எங்கப்பா கல்லு." குரல் உடையும் போலிருந்தது, உடையவில்லை. கோபம்தான் வந்தது. "கல்லு இருந்தாத்தான் பின்னால வர்றவங்களுக்கு ஒண்ணொண்ணும் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க? நாளைக்கு ஒரு பிள்ள வந்து தாள வச்சுத் தேச்சா எங்கப்பாவக் கப்பக்காரருன்னு எழுதும். நீங்களும் அதுக்கு ரைட்டு போட்டுருவீங்க."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். "கல்லு இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"திருநாளு சமயத்துல என்னைய அறந்தாங்கிக்குப் போகச் சொன்னுச்சு அம்மா. எப்பவாச்சும் அப்படிச் சொல்லுமா? நீங்க எனக்கு மட்டும் பையில இருந்து சீட்டு எடுத்தீங்க. ஒங்களுக்குக் களவாணித்தனம் பண்ணத் தெரியல சார்."

"அப்ப, அப்பா...?"

"சனவரியிலேயே தெரியும். பொழச்சு வந்த அந்த மாமா வீட்டுக்கு வந்தாருல்ல. அம்மா மொகத்தப் பாக்காமயே டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"பெறகு எதுக்குமா தெனம் தட்டு எடுத்து வக்கிற?"

"நான் வக்கலேன்னா அம்மா அழும் சார். அது நம்பிக்கிட்டு இருக்கு. இன்னமும் அப்பா சட்டையத் தொவச்சுக் காயப்போடுது." மணலைக் காலால் கிளறினாள். "கல்லு வச்சா அழுது முடிச்சிரும்னு நெனைக்கிறேன். நான் இல்லாதப்ப அழணும்னா அழட்டும். நான் அறந்தாங்கிக்குப் போறேன். எனக்குத் தெரியும்னு சொல்லிராதீங்க. நங்கூரத்த மட்டும் மாத்திருங்க."

பாவி மனுஷன் நான். தாய் ஒரு வாக்குக் கேட்டார், மகள் ஒரு வாக்குக் கேட்கிறாள், இரண்டும் ஒரே வாக்கு. ஒரே வீட்டில் ஒருத்திக்காக ஒருத்தி மாதக்கணக்கில் நடித்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒருவன், சீட்டில் திருட்டுத்தனம் செய்துகொண்டு. அழுதுவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஷர்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளிடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கிறேன் என்ற சொல் நுனி நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நேராக அழகி வீட்டுக்கு நடந்தேன்.

வாசல் கயிற்றில் அடைக்கலத்தின் நீலக் கட்டம் போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அழகி அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தார்.

"அம்மா, நங்கூரம் தப்பாப் போச்சு."

"என்ன சார் தப்பு? நாந்தான் பாத்தேனே."

"ரெண்டு கை போட்டுட்டேன். நாலு கை போடணும்."

அவர் யோசித்தார். "ஆமா சார். அவுக நங்கூரம் நாலு கைதான். நான் எங்க அதப் பாத்தேன்?" பிறகு அவர் முகம் மாறியது. "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

தாளை நீட்டினேன். அழகி எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். பெயரைப் படித்தார், வயதைப் படித்தார். சிவப்புக் குறிக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்தார். ஒரு சிரிப்பு மாதிரி என்னவோ வந்து பாதியில் நின்றது.

"எப்பருந்து சார்?"

"சனவரியிலேருந்து."

"அப்ப அந்தத் தட்டு?"

"ஒங்களுக்காக."

அழகி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பை மாட்டினேன், கழற்றினேன். அவர் கயிற்றடிக்குப் போய்ச் சட்டையை எடுத்தார். காலரை நீவி, கையை உள்ளே மடக்கி, கடையில் மடிப்பதைப் போல நான்காக மடித்தார். அதே சமயம் ஷர்லி தெருமுனையில் வந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு வெறும் கயிற்றைப் பார்த்தாள்.

"சட்ட எங்கம்மா?"

"மடிச்சு வச்சுட்டேன்டி."

ஷர்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. எடுத்து வைத்திருந்த தட்டு ஒன்றை அலமாரியில் திருப்பி வைக்கிற சத்தம்தான். அதற்கு அப்புறம் இரண்டு பேரும் அழுகிற சத்தம் வந்தது. அங்கே எனக்கு வேலை இல்லை. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை பெரியண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "நாலு கைன்னா எப்படி சார் இருக்கும்? நான் பாத்ததே இல்லையே. முப்பது வருசமா ரெண்டு கைதான் அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"கரைக்கு வாங்க, காட்டுறேன்."

"அய்யய்யோ, கடலுப் பக்கம் நான் வரமாட்டேன்."

நாங்கள் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது மணலில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. ஷர்லியும் அழகியும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து ஒரு பழைய நங்கூரத்தை இழுத்து வந்தார்கள். அடைக்கலத்தினுடையது, கை ஒன்று கொஞ்சம் நெளிந்துபோனதால் அவர் வீட்டுப் பின்னால் போட்டு வைத்திருந்தார். கதவிலிருந்து கொட்டகை வரை மணலில் கோடு விழுந்திருந்தது. பெரியண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"இதக் கண்ணுல காட்டாம நீங்க பாட்டுக்குப் படம் போட்டுக் குடுத்தா நான் என்ன செய்வேன் சார்?" என்று என் மேல் பாய்ந்தார். ஒரு நாளும் நான் அவ்வளவு பணிவாகத் திட்டு வாங்கியதில்லை. கல்லில் இரண்டு கைக்கும் நடுவே இன்னும் இரண்டு கைக்கு இடம் இருந்தது. சாயங்காலத்துக்குள் செதுக்கி முடித்தார்.

"கை ஒண்ணு நெளிஞ்சிருக்கே, நேராப் போட்டுறவா பாப்பா?" என்று ஷர்லியிடம்தான் கேட்டார்.

"இருக்கிற மாதிரியே போடுங்க" என்றாள்.

சனிக்கிழமை கல்லை நட்டார்கள். ஷர்லி அறந்தாங்கிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். மாலை நானும் வந்திருந்தேன். விடுமுறை நாளில் கல்லறைக்கு ஏன் போகிறாய் என்று வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். தோட்டம் முழுக்கச் செவ்வந்தி மாலையும் ஊதுவத்திப் புகையும். எல்லாரும் கோயிலைப் பார்த்த கற்களுக்கு முன்னால் நின்றார்கள். கடலைப் பார்த்த நாலாவது கல்லுக்கு முன்னால் அழகியும் ஷர்லியும் நின்றார்கள். காற்று மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே இருந்தது. ஷர்லி திரும்பத் திரும்பப் பற்றவைத்தாள்.

சாமியார் பேர்களை வாசித்தார். அடைக்கலம் என்று வந்தபோது அழகி வாய்விட்டு அழுதார். மகள் அம்மாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு தானும் அழுதாள். ஒருத்தியிடம் ஒருத்தி மறைக்காமல் அழுதார்கள். நான் நாலு கல் தள்ளி உப்பு இலாகா துரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

கூட்டம் கலைந்தபோது ஷர்லி என்னிடம் வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்காட்சிக்கு என் தாளக் கொண்டுபோறீங்களா சார்?"

"சாமியார் தாளத்தான் கொண்டுபோறேன். இன்னொன்னு ஒனக்கு." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பெருக்கல் குறியோடு அப்படியே இருந்தது. அவள் அதை வாங்கிச் சுருட்டிக்கொண்டாள், உடனே போகவில்லை.

"அடுத்த வருசம் நான் ஜெகதாப்பட்டினம் ஸ்கூலுக்குப் போயிருவேன்ல சார்."

"ஆமா."

"நீங்க எட்டாவது பிள்ளைகள இங்க கூட்டியாருவீங்கல்ல?"

"கூட்டியாருவேன்."

"அப்பாவ யாருக்குக் குடுப்பீங்க?"

"சீட்டுல யாருக்கு வருதோ அவங்களுக்கு" என்றேன்.

"சீட்டு வேணாம் சார்" என்றாள் ஷர்லி. "கையெழுத்து நல்லா இருக்கிற பிள்ளையாப் பாத்துக் குடுங்க."